எடைக்கருவி சொல்லாததை டேப் சொல்லும்: நடுவயதுத் தொப்பையைப் பற்றி ஓர் அறிமுகம்

வீட்டில் தையல் டேப் இருந்தால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். இல்லையென்றால் ஒரு நூல்கயிறும் பிள்ளைகளின் அளவுகோலும் போதும்.

வயிற்றின் பக்கவாட்டில் கடைசி விலா எலும்பு எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில், தோலை அழுத்தாமல், முதுகுப்பக்கம் தொங்கிவிடாமல், டேப்பைச் சுற்றுங்கள். இயல்பாக மூச்சை வெளியே விட்டுவிட்டு அளவைப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இந்தியர்களுக்கென்று மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லைக்கோடு இதுதான். அங்குலக் கணக்கில் ஆண்களுக்கு ஏறத்தாழ முப்பத்தைந்தரை, பெண்களுக்கு முப்பத்தொன்றரை.

போன வருடம் என் அண்ணனுக்கு இப்படி அளந்தேன். அவருக்கு வயது 52. "இருபது வருடமாக நான் 34 சைஸ் பேன்ட்தான் போடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மைதான். ஆனால் அந்த பேன்ட் வருடத்துக்கு வருடம் கீழே இறங்கியபடி வந்து, இப்போது தொப்பைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. "மூச்சை உள்ளே இழுக்காதீர்கள் அண்ணா" என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. டேப் 39 அங்குலம் காட்டியது. எடையோ ஐந்து வருடத்தில் இரண்டு கிலோதான் ஏறியிருந்தது. "இரண்டு கிலோவுக்கா இவ்வளவு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அவர் உடம்பில் சேர்ந்தது இரண்டு கிலோ மட்டும் அல்ல. ஒரு பக்கம் கொழுப்பு ஏறியிருக்கிறது, இன்னொரு பக்கம் தசை குறைந்திருக்கிறது. எடைக்கருவி இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகக் காட்டுவதால், உள்ளே நடந்த மாற்றம் மறைந்துபோகிறது. முப்பதைத் தாண்டிய பிறகு, உடம்புக்கு வேலை கொடுக்காதவர்களிடம் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்த உருவம் நம் ஊரில் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அவர்களைப் பார்த்து யாரும் "குண்டு" என்று சொல்வதில்லை. அதனாலேயே அவர்களும் கவலைப்படுவதில்லை.

பிஎம்ஐ: பயன்படும், ஆனால் பாதிக் கதை

உடல் பருமனை அளக்க உலகம் முழுவதும் பயன்படுத்துவது பிஎம்ஐ என்ற உடல் நிறை குறியீடு. எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, உயரத்தை மீட்டரில் எடுத்து, அந்த உயரத்தை அதனாலேயே பெருக்கி வரும் எண்ணால் எடையை வகுக்க வேண்டும். 165 செ.மீ. உயரமும் 68 கிலோ எடையும் உள்ளவருக்கு ஏறத்தாழ 25 வரும். உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கணக்கில் 25 என்றால் அதிக எடை, 30 என்றால் உடல் பருமன். நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி வகுத்த வரையறைப்படி 23லேயே அதிக எடை, 25லேயே உடல் பருமன். அதாவது அந்த 68 கிலோக்காரர் நம் கணக்கில் பருமன் கோட்டைத் தொட்டுவிட்டார். தெருவில் நடந்து போனால் அவரை யாரும் பருமனானவர் என்று சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே என்ற புள்ளியியல் அறிஞர். 1830களில் மக்கள்தொகையின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று அறிவதற்காக அவர் போட்ட கணக்கு அது. தனி ஒருவரின் நோயைக் கணிக்க அவர் அதைச் செய்யவில்லை. 'உடல் நிறை குறியீடு' என்ற பெயரே 1972இல்தான் வந்தது.

பிஎம்ஐ எங்கே கோட்டை விடுகிறது என்பதை இரண்டு மருத்துவ அறிஞர்கள் தங்கள் உடம்பையே வைத்துக் காட்டினார்கள். ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக். இன்னொருவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருடைய பிஎம்ஐயும் 22.3. அருகருகே நிற்க வைத்துப் பார்த்தால் இருவருமே ஒல்லிதான். ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண், இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. 2004இல் இருவரும் சேர்ந்து இதை லான்செட் மருத்துவ இதழில் படத்தோடு வெளியிட்டார்கள். இந்திய உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்த சான்றுகளில் இவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசும் இன்னொன்று இல்லை.

2025 ஜனவரியில் அதே லான்செட் குடும்பத்தைச் சேர்ந்த இதழ் ஒன்று அமைத்த பன்னாட்டு மருத்துவர் குழுவும், பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவருக்கு உடல் பருமன் நோய் இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம், இடுப்புச் சுற்றளவு போன்ற இன்னோர் அளவையும் சேர்த்துப் பாருங்கள் என்றுதான் சொன்னது. ஆகவே உங்கள் மடியில் இருக்கும் டேப் சாதாரணப் பொருள் அல்ல.

குதிர் நிரம்பினால் நெல் எங்கே போகும்

கொழுப்பு எல்லாமே கெட்டது என்று நினைப்பது தவறு. தோலுக்கு அடியில், குறிப்பாகத் தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் இருக்கும் கொழுப்பு, பழைய வீட்டுக் குதிர் போன்றது. விளைந்த காலத்தில் கொட்டி வைத்து, இல்லாத காலத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது. குதிரில் இருக்கும்வரை நெல்லால் தொல்லை இல்லை. குதிர் நிரம்பிய பிறகும் மூட்டை மூட்டையாக நெல் வந்துகொண்டே இருந்தால் என்ன செய்வோம்? முதலில் தாழ்வாரத்தில் அடுக்குவோம், பிறகு கூடத்தில், கடைசியில் அடுப்பங்கரையில். நடக்க வழி இருக்காது, எலி வரும், வீட்டின் எந்த வேலையும் ஒழுங்காக நடக்காது.

உடம்பில் அந்தத் தாழ்வாரமும் அடுப்பங்கரையும்தான் வயிற்றறை, கல்லீரல், கணையம், தசை. குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேரும் இந்தக் கொழுப்பை உள்ளுறுப்புக் கொழுப்பு என்கிறார்கள். வயிற்றை விரலால் கிள்ளினால் கையில் வருவது தோலடிக் கொழுப்பு. கிள்ள வராமல் வயிறு கல் போலக் கெட்டியாக முன்னால் நிற்கிறது என்றால், தள்ளிக்கொண்டிருப்பது பெரும்பாலும் உள்ளுறுப்புக் கொழுப்பு. "எனக்குத் தொளதொள என்று இல்லை, கெட்டி வயிறுதான்" என்று ஆண்கள் நிம்மதியாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கெட்டிதான் கவலைப்பட வேண்டியது.

தெற்காசிய மக்களுக்கு இந்தக் குதிர் சிறியது என்பது ஆய்வாளர்கள் பலரும் வைக்கும் விளக்கம். வெள்ளையர் ஒருவருக்கு எடை நிறையக் கூடிய பிறகு வரும் சிக்கல் நமக்கு அதைவிடக் குறைவாகக் கூடும்போதே வந்துவிடுவது ஏன் என்பது இதில் புரியும். கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முக்கியம் என்று பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947இலேயே எழுதினார். அதை மருத்துவ உலகம் முழுமையாக ஏற்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை விடுகிறது, கொழுப்பு அமிலங்களை நேராகக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. இதன் விளைவாக இன்சுலினின் குரல் எடுபடாமல் போகிறது. இன்சுலின் என்பது, இரத்தத்தில் வந்து நிற்கும் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள் என்று தசைக்கும் கல்லீரலுக்கும் குரல் கொடுக்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு ஏறிய தசைக்குக் காது மந்தமாகிறது. கணையம் இன்னும் சத்தமாகக் கத்துகிறது, அதாவது இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. இந்தக் கட்டத்தில் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை சரியாகவே இருக்கும். பத்து வருடம்கூட இப்படியே ஓடலாம். கணையம் களைத்துப்போகும் நாளில்தான் சீட்டில் எண் ஏறும். நமக்கோ சர்க்கரை திடீரென்று வந்ததுபோல் தோன்றும்.

ஏன் நாற்பதுக்கு மேல்?

"வயதானால் உடம்பின் எரிசக்தி குறைந்துவிடும், என்ன செய்வது" என்பது எல்லோரும் சொல்லும் சமாதானம். 2021இல் சயன்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டவர்களின் உடல் ஆற்றல் செலவை எடுத்துப் பார்த்தது. உடம்பின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 முதல் 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய மாறுவதே இல்லை என்று தெரியவந்தது. அறுபதுக்குப் பிறகுதான் மெல்ல இறங்குகிறது. எனக்கு இது நல்ல செய்தியாகப் பட்டது. வயதின் மேல் பழி போட முடியாது என்றால், செய்வதற்கு ஏதோ இருக்கிறது என்று பொருள்.

மாறுவது வாழ்க்கைதான். இருபத்தைந்தில் பஸ் பிடிக்க ஓடியவர் நாற்பத்தைந்தில் வண்டியில் போகிறார். மாடிப்படி லிஃப்ட்டாகிறது. பிள்ளைகளின் தேர்வு, பெற்றோரின் மருத்துவமனை அலைச்சல், வீட்டுக் கடன் எல்லாம் ஒரே சமயத்தில் தலையில் விழும் வயது இது. தூக்கம் ஐந்து மணி நேரமாகச் சுருங்குகிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, போதும் என்று சொல்லும் சுரப்பு குறைகிறது. இரவு பத்து மணிக்குக் கை முறுக்கு டப்பாவைத் தேடிப் போவதற்கு நாக்கு மட்டும் காரணம் இல்லை.

பெண்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. எனக்கு நாற்பத்தாறில் மாதவிடாய் தள்ளித் தள்ளி வரத் தொடங்கியபோது, சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லாமலேயே ரவிக்கையின் கீழ்க் கொக்கிகள் இறுகின. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு இருக்கும்வரை கொழுப்பு தொடைக்கும் இடுப்பின் பின்புறத்துக்கும் போகிறது. அது குறையும்போது ஆண்களைப் போல வயிற்றுக்குப் போகிறது. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால், இரண்டு வருடம் என்னை நானே திட்டிக்கொண்டிருக்க மாட்டேன். நம் வீடுகளில் தாய் மகளுக்குப் பூப்பைப் பற்றிச் சொல்கிறாள், பிரசவத்தைப் பற்றிச் சொல்கிறாள், மாதவிடாய் நிற்பதைப் பற்றி மட்டும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டின் நிலைமை லேசானது அல்ல. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 37 சதவீதத்தினருக்கும் பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல். நாடு முழுவதற்குமான சராசரி பெண்களில் 24, ஆண்களில் 22.9. பிஎம்ஐ சரியாக இருந்து தொப்பை மட்டும் உள்ளவர்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

உடம்பும் மனமும் படும் பாடு

சர்க்கரை, இரத்த அழுத்தம், மாரடைப்பு ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்று, கருப்பைப் புற்று, பெருங்குடல் புற்று ஆகியவற்றுக்கும் உடல் பருமனுக்கும் தொடர்பு உறுதியாகியிருக்கிறது. ஆனால் இவையெல்லாம் என்றோ வரப்போகிறவை என்று மனம் தள்ளிவைத்துவிடும். இன்றைக்கே இருப்பவற்றைப் பார்க்கலாம்.

மூட்டு. தட்டையான தரையில் நடக்கும்போதே முழங்காலில் இறங்கும் சுமை உடல் எடையைப்போல் பல மடங்கு. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஆய்வு ஒன்றில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் நான்கு கிலோ அளவு சுமை குறைவதைக் கண்டார்கள். ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு இருபது கிலோ. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம்!

குறட்டை. கழுத்திலும் தொண்டையிலும் கொழுப்பு சேரும்போது தூக்கத்தில் மூச்சுக்குழல் அடைபடுகிறது. குறட்டை ஓங்கி வந்து, சட்டென்று நின்று, சில நொடி நிசப்தத்துக்குப் பிறகு திணறலோடு மீண்டும் தொடங்கினால் அது வெறும் குறட்டை அல்ல, தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய். அந்த நிசப்தத்தைக் கவனிக்கக்கூடியவர் பக்கத்தில் படுத்திருப்பவர்தான். காலையில் எழும்போதே அசதி, பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகுவது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை இதன் அடையாளங்கள். கணவர் கோபக்காரராக மாறிவிட்டார் என்று பல வருடம் வருந்திய ஒரு தோழி, அவருக்குத் தூக்கப் பரிசோதனை செய்து சிகிச்சை தொடங்கிய பிறகு, "பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார்" என்று சொன்னாள்.

கல்லீரல். முழு உடல் பரிசோதனை செய்துகொண்டவர்கள் ஸ்கேன் அறிக்கையில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்று பார்த்திருப்பீர்கள். "எல்லோருக்கும் இருப்பதுதான்" என்று மடித்து வைத்துவிடுகிறோம். எல்லோருக்கும் இருப்பதாலேயே அது சாதாரணமாகிவிடாது. குடிக்காதவர்களுக்கும் கல்லீரல் சுருங்கும் நிலை வரை போவதற்கான முதல் படி அது. முதல் படியிலிருந்து இறங்கிவிட முடியும் என்பதும் உண்மை. உடல் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும்.

இனி மனம். இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

கல்யாண வீட்டில், பத்து வருடம் கழித்துப் பார்க்கும் உறவினர் முதலில் சொல்லும் வாக்கியம் என்ன? "என்ன, இப்படி உடம்பு வைத்துவிட்டாய்?" அல்லது "என்ன, இப்படி இளைத்துவிட்டாய்?" அன்பில்தான் கேட்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் கேட்கப்பட்டவர் அன்று முழுவதும் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, புகைப்படம் எடுக்கும்போது பின்வரிசைக்குப் போகிறார். அடுத்த கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்கிறார். நடைப்பயிற்சிக்குப் போகலாம் என்றால், பூங்காவில் யாராவது பார்த்துச் சிரிப்பார்கள் என்று தயங்குகிறார். உடல் பருமன் மனச்சோர்வுக்கு வழி வைக்கிறது, மனச்சோர்வு உடல் பருமனுக்கு வழி வைக்கிறது என்பது பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் தெரிந்த உண்மை. வெட்கப்படுத்தினால் திருந்துவார்கள் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வெட்கப்பட்டவர் ஒளிந்து சாப்பிடுவார். அவ்வளவுதான் நடக்கும்.

மனவுறுதி இல்லாததால்தான் குண்டாக இருக்கிறார்கள் என்ற பேச்சையும் விட்டுவிட வேண்டும். கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்ற சுரப்பை 1994இல் கண்டுபிடித்த பிறகு, கொழுப்புத் திசு மூளையோடு இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எடை வேகமாகக் குறைந்தால் மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. ஒரு மாதத்தில் பத்து கிலோ குறைக்கும் திட்டங்கள் ஏன் ஒரு வருடத்தில் பன்னிரண்டு கிலோவைத் திருப்பிக் கொடுக்கின்றன என்பதற்கான விடை இங்கே இருக்கிறது.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வு

2006இல் வெளிவந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வைப் பற்றி நடுவயதில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 531 பேரைச் சேர்த்தார்கள். வயது 35 முதல் 55, சராசரி 46. ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு உணவையும் நடையையும் மாற்றத் தொடர்ந்து வழிகாட்டினார்கள். தினமும் குறைந்தது அரை மணி நேரம் வேகநடை, சர்க்கரையையும் மாவுச்சத்தையும் எண்ணெயையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டிய சாப்பாடு. வேறு பிரிவினருக்கு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள்.

மூன்று வருடத்தில் பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பழக்கத்தை மாற்றியவர்களில் 39.3 சதவீதம். மாத்திரை எடுத்துக்கொண்டவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான். இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி இன்னொன்று: பழக்கத்தை மாற்றியவர்களுக்கு எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. எடை குறையாமலேயே நோய் தள்ளிப்போனது. நடக்கும் தசை இன்சுலினின் குரலுக்கு மீண்டும் காது கொடுக்கிறது, உள்ளுறுப்புக் கொழுப்பு மற்றதற்கு முன்னால் கரைகிறது. இரண்டு மாதம் நடந்தும் எடைக்கருவியில் முள் அசையவில்லை என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டவர்கள் எத்தனை பேர்! பலன் உள்ளே வந்துகொண்டிருந்த நேரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

என்ன மாற்றலாம்

காப்பியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைக் கணக்குப் போட்டபோது நானே திடுக்கிட்டேன். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு நாளைக்கு நான்கு டம்ளர். எட்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு ஐந்து கிராம் வைத்தால் நாற்பது கிராம். மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம். இனிப்பே சாப்பிடாத ஒருவர், "எனக்கு ஸ்வீட் பிடிக்காது" என்று சொல்லும் ஒருவர், வருடத்தில் பதினான்கு கிலோ சர்க்கரையைக் குடித்து முடிக்கிறார். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரை. ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். இரண்டு ஸ்பூனை ஒன்றரையாக்கி இரண்டு வாரம், ஒன்றாக்கி இரண்டு வாரம். நாக்கு பழகிவிடும். நாட்டுச்சர்க்கரைக்கும் பனங்கற்கண்டுக்கும் மாறினால் கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உடம்புக்குள் அவையும் பெரும்பாலும் சர்க்கரைதான்.

அடுத்து தட்டு. நம் சாப்பாட்டின் பெரிய குறை எண்ணெயைக் காட்டிலும் மாவுச்சத்து என்றே நான் நினைக்கிறேன். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. மூன்று வேளையும் அரிசி, பெயர்தான் வேறு. பருப்பும் காய்கறியும் சோற்றை உள்ளே இறக்குவதற்கான துணையாக இருக்கின்றன. அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரதம், மீதிக் கால்பங்கில் சோறு. சோற்றை ஒதுக்கவே வேண்டாம். சோறு இல்லாத சாப்பாட்டை எத்தனை நாள் நம்மால் சாப்பிட முடியும்? சிறுதானியத்துக்கு மாறுவது நல்லதுதான். ஆனால் வரகரிசிச் சோற்றையும் அதே மலையாகக் குவித்துச் சாப்பிட்டால் பெரிதாக எதுவும் மாறாது.

சாப்பிடும் வரிசையையும் கவனியுங்கள். விருந்து இலையில் சோற்றுக்கு முன்பே கூட்டும் பொரியலும் விழுந்துவிடும். நாம் சோறு வரும்வரை காத்திருக்கிறோம். காத்திருக்காமல் அந்தப் பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றைப் பிசைந்தால், சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத மாற்றம்.

வீட்டில் சமைக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. பாத்திரத்தின் அடியில் மிஞ்சும் இரண்டு கரண்டிச் சோறு, பிள்ளை வைத்துவிட்டுப் போன அரை தோசை, வீணாகக் கூடாது என்று வாயில் போடும் கடைசி வடை. இதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் வீட்டின் குப்பைத்தொட்டி அல்ல. மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வையுங்கள், அடுத்த நாள் கொஞ்சம் குறைவாகச் சமையுங்கள்.

நடை எல்லோரும் அறிந்ததுதான்: வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். மதியமும் இரவும் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் மொட்டை மாடியில் நடந்தாலும் அது கணக்கில் சேரும். தொப்பை கரைய வேண்டும் என்று வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து பயனில்லை. எந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

நடையோடு நின்றுவிடுவதுதான் நாற்பதைத் தாண்டிய பலரும் செய்யும் தவறு. தசைக்குத் தனியாக வேலை கொடுக்க வேண்டும், வாரத்துக்கு இரண்டு நாளாவது. இதற்கு ஜிம் கட்டாயம் இல்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுங்கள். பத்து முறை எழுந்ததும் தொடை நடுங்கினால் அந்த நடுக்கம்தான் உங்கள் தொடக்கப் புள்ளி. சுவரில் கை ஊன்றித் தண்டால், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குவது, தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ முயல்வது. அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணற்று வாளியும் நம் பாட்டிமார்களிடம் வாங்கிய வேலை இதுதான். அந்தக் கடினமான வாழ்க்கைக்கு யாரும் திரும்ப வேண்டியதில்லை, ஆனால் அது கொடுத்த தசையை வேறு வழியில் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலியோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தூக்கம் ஏழு மணி நேரம். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது.

டேப் எல்லைக்கோட்டைத் தாண்டிக் காட்டினால், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எடை குறைக்கும் வாராந்திர ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்திருக்கின்றன. டிர்செபடைடு, செமக்ளூட்டைடு என்று பெயர். பருமன் அதிகமாகி நோய்களும் சேர்ந்துவிட்டவர்களுக்கு அவை உண்மையிலேயே உதவும் மருந்துகள். அவற்றை எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் புரதமும் தசைப் பயிற்சியும் கூடவே வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பும். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல், நண்பர் போட்டுக்கொண்டார் என்பதற்காகத் தொடவே கூடாது. பொடி, கசாயம், இடுப்புப் பட்டை விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

என் அண்ணன் இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலைக் காப்பிக்கு முன்னால், டேப்பை எடுத்துக்கொள்கிறார். பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் சென்டிமீட்டரில் எழுதி வைக்கிறார். 99, 99, 98, 98, 97, 98, 96. 97க்குப் பிறகு வந்த அந்த 98 தீபாவளி மாதம். எடை ஒன்றரை கிலோதான் குறைந்திருக்கிறது, அதை அவர் எழுதி வைப்பதில்லை. போன வாரம் தொலைபேசியில், பேன்ட்டை மேலே ஏற்றிப் போட முடிகிறது, பெல்ட் தொப்புளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்றார். இன்னும் ஆறு சென்டிமீட்டர் இருக்கிறது.